பாடன்-பாடன் லிஷ்டன்டாலர் அலே: வெந்நீர் நகரப் பூங்காவில் ஒரு வசந்த நடைக்கு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் கருங்காட்டு மலைகள் ரைன் சமவெளியைத் தொடும் மேற்கு விளிம்பில், ஓஸ் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குள் அடங்கிக் கிடக்கிறது பாடன்-பாடன். ஊரின் கிழக்குச் சரிவில் 68 டிகிரி செல்சியஸ் வரை சூடான ஊற்றுகள் பொங்குகின்றன. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே குளியல் நடக்கிறது. ஆற்றின் மேற்குக் கரையில், ஊர் நடுவிலிருந்து தெற்கே லிஷ்டன்டால் மடம் வரை 2.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது லிஷ்டன்டாலர் அலே. பெயரளவில் அது ஒரு சாலை, பார்வைக்கு ஒரு பூங்கா. 2021-இல் யுனெஸ்கோ ஏழு நாடுகளைச் சேர்ந்த 11 வெந்நீர் நகரங்களை ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பாடன்-பாடனும் அதில் இடம்பெற்றது. கட்டடங்களோடு நடைபாதைகளும் பூங்காக்களும் அந்தக் கணக்கில் வந்தன. அந்தக் காலச் சிகிச்சையில் நீர் குடிப்பது பாதி, குடித்தபின் நடப்பது மறுபாதி.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில நூறு மீட்டர் நடந்து, அருங்காட்சியகத்தின் முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பூங்காவைச் சரியாகப் பார்க்க இரண்டு விஷயம் போதும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நேர்சாலையை விட்டு ஆற்றுக்கு அக்கரை போகத் தயங்கக் கூடாது. கீழே உள்ள வரிசை இவ்விரண்டையும் வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

எந்த வாரத்தில் போவது

வசந்தம் என்றால் மார்ச் முதல் மே வரை மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் பூங்கா மூன்று விதமாக இருக்கும், ஒரே நாளில் எல்லாம் கிடைக்காது.

முதல் கட்டம் குரோக்கஸ். பிப்ரவரிக் கடைசியில் தலைகாட்டி, வழக்கமாக மார்ச் முதல் பாதியில் உச்சத்துக்கு வரும். ஊதாவும் வெள்ளையுமாகப் புல்வெளி முழுக்கப் பரந்திருக்கும். இந்தப் பூங்காவின் பெயர்பெற்ற காட்சி இதுதான். குளிர்காலம் இளகியிருந்தால் பத்து நாள் முந்தும், கடுமையாக இருந்தால் பிந்தும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே மாற்ற முடியாத டிக்கெட் எடுத்து வைப்பது நல்ல யோசனை அல்ல. நான்கைந்து நாள் முன்னால் வானிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் கட்டம் மேக்னோலியா. மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் நடு வரை. இங்கே அதிகம் காணும் இனம் 1820-களில் பாரீஸ் அருகே ஒட்டு சேர்த்து உருவாக்கப்பட்டது. இலை வரும் முன்பே பூத்துவிடும். அதன் சிக்கலும் அதில்தான் இருக்கிறது: ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், மறுநாள் மரம் முழுக்க இதழ்கள் பழுப்பாகத் தொங்கும். இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று அறிவிப்பு வந்தால் முந்தின நாளே போய்விடுங்கள்.

மூன்றாம் கட்டம் ஏப்ரல் பின்பாதியிலிருந்து மே வரை. செர்ரி, பிறகு குதிரைச் செஸ்ட்நட், அசேலியா, ரோடோடென்ட்ரான். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு இதுவே வசதி, குளிர் குறைவு. ஆனால் ஈஸ்டர் விடுமுறையில் கூட்டம் அதிகம். ரோஜாவுக்காக வருகிறவர்கள் ஜூன் வரை பொறுக்க வேண்டும். ஏப்ரலில் ரோஜாத் தோட்டத்துக்குள் போய் வெறும் தண்டுகளைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

எந்த மணிக்குப் போவது

குரோக்கஸ் பார்க்க வருகிறவர்கள் மிக அதிகம் தவறுவது இங்கேதான். கூட்டம் இருக்காது என்று எண்ணி எட்டு மணிக்கே வந்து நிற்பார்கள். அப்போது புல்வெளியில் தெரிவது மூடிய மொட்டுகள் மட்டும்தான், பென்சில் போல மெலிந்து, தூரத்தில் நிறமே தெரியாமல்.

காரணம் எளிது. குரோக்கஸ் இதழின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வெப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் வளரும். சூடு ஏறினால் உள்பக்கம் முந்தி வளர்ந்து பூ விரியும். குளிர்ந்தால் வெளிப்பக்கம் முந்த, பூ கூம்பும். ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றத்தையே அது உணரும். வெயில் விழுந்த சில நிமிடங்களில் ஒரு பாத்தி திறப்பதைக் குனிந்து நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது நடுவில் செம்மஞ்சள் சூலகமுடி தெரியும், தேனீ உடனே வந்துவிடும். மேகமூட்டமான நாளில் பகல் முழுக்கக்கூடத் திறக்காமலே இருக்கும்.

பள்ளத்தாக்கின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிழக்கே 668 மீட்டர் உயர மெர்க்கூர் மலை இருப்பதால் மார்ச்சில் வெயில் அடிமட்டத்துக்கு வரத் தாமதமாகும். மேற்கே ஃப்ரெமர்ஸ்பெர்க் மலைத்தொடர் மாலையில் சீக்கிரமே நிழல் போடும். எனவே புல்வெளியில் நிற்க வேண்டிய நேரம் பத்தரைக்குப் பின், மூன்று மணிக்கு முன். கீழுள்ள நடையை ஒன்பதரைக்குத் தொடங்கினால் சரியான நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

போய்ச் சேருவது

பாடன்-பாடன் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. அது ஓஸ் என்ற பகுதியில், பூங்காவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இறங்கியதும் நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். நிலைய வாசலிலிருந்து நகரப் பேருந்து அடிக்கடி போகிறது, லியோபோல்ட்ஸ்பிளாட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஊருக்குள் இருந்த பழைய ரயில் நிலையத்தின் முகப்பு இப்போது 1998-இல் திறந்த ஃபெஸ்ட்ஷ்பீல்ஹவுஸ் இசை அரங்கின் நுழைவாயில்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம் அளவு. டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வட்டார ரயிலும் நகரப் பேருந்தும் அதிலேயே அடங்கும், ஐ.சி.இ. விரைவு ரயில் அடங்காது. காரில் வருகிறவர்கள் குர்ஹவுஸ் அல்லது அகுஸ்டாபிளாட்ஸ் அடித்தள நிறுத்தத்தில் விடலாம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பூட்டும் இல்லை.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

பாதை ஏறக்குறைய சமதளம். தார்ச்சாலையும் நுண் சரளையும்தான். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். மலையேற்ற ஷூ தேவையில்லை. ஆனால் நனையாத ஷூ கட்டாயம். மார்ச்சில் சரளைப் பாதையின் ஓரங்கள் நசநசவென்று இருக்கும், ஈரக் காலுறையோடு 5 டிகிரியில் மூன்று மணி நேரம் நடப்பது தண்டனை. தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். நிழலில் போட்டுக்கொண்டு வெயிலில் கழற்ற வேண்டியிருக்கும்.

பிர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏப்ரல் கடினமான மாதம், மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய புல்லில் பயமில்லை, ஆனால் மரத்தடிப் புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் உண்ணி இருக்கும். 7 டிகிரிக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கும். பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் உண்ணி வழி மூளைக்காய்ச்சல் அபாயப் பகுதி. வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குக் காதின் பின்புறம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே நல்லது. சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், திறந்திருக்கும் காஃபிக் கடைகளில் விலை இந்த ஊருக்கே உரியது. சைவர்களுக்கு இந்த யோசனை எல்லா நாளுக்கும் பொருந்தும். கழிப்பறையை ஊர்ப்பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், தெற்கே போகப் போக வாய்ப்பு குறையும்.

படி 1: டிரிங்க்ஹாலேயில் தொடக்கம் (9.30)

லியோபோல்ட்ஸ்பிளாட்ஸிலிருந்து மேற்கே ஓஸைக் கடந்தால் குர்கார்டன் தோட்டம். அதன் வடபக்கம் நிற்பது டிரிங்க்ஹாலே, அதாவது மருந்துநீர் குடிப்பதற்கென்றே கட்டிய மண்டபம். ஹைன்ரிஷ் ஹூப்ஷ் வடிவமைத்து 1839-க்கும் 1842-க்கும் இடையே எழுந்தது. 90 மீட்டர் நீளத் திறந்த தாழ்வாரம், முன்னால் 16 கொரிந்தியத் தூண்கள், பின்சுவரில் யாக்கோப் கோட்சென்பெர்கர் வரைந்த 14 ஓவியங்கள். வட்டாரத்துப் பழங்கதைகளே ஓவியங்களின் பொருள்: ஆவிகள், நீர்மகளிர், சபிக்கப்பட்ட கன்னியர். கட்டடம் கிழக்கே பார்த்திருப்பதால் காலை வெயில் தூண்களுக்கிடையே நுழைந்து சுவரில் விழும். இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது. மாலையில் அதே ஓவியங்கள் மங்கிக் கிடக்கும்.

நீர் இந்த இடத்தில் ஊறவில்லை. ஆற்றுக்கு அக்கரைச் சரிவிலிருந்து குழாய் வழியாக வந்தது. விருந்தாளிகள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் நடக்கத்தான் இவ்வளவு நீளத் தாழ்வாரம். மழை இல்லாத நாளில் நடக்க வேண்டிய இடம் தெற்கே காத்திருந்தது.

படி 2: குர்ஹவுஸும் அதன் பணமும்

டிரிங்க்ஹாலேயிலிருந்து தெற்கே இரண்டு நிமிடம். எட்டுத் தூண் முகப்புள்ள குர்ஹவுஸ் ஃப்ரீட்ரிஷ் வைன்பிரென்னரின் கைவண்ணம், 1824-இல் முடிந்தது. உள்ளே காசினோ. காலையில், ஆட்டம் தொடங்கும் முன், வழிகாட்டியோடு அறைகளைச் சுற்றிக்காட்டுவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் நடையின் நேரக்கணக்கை ஒரு மணி பின்தள்ளுங்கள்.

பூங்காவைப் புரிந்துகொள்ள இந்தக் காசினோவின் கதை தெரிய வேண்டும். 1837 முடிவோடு பிரான்சு சூதாட்ட விடுதிகளை மூடியது. பாரீசில் தொழில் இழந்த ஜாக் பெனாசே 1838-இல் இங்கே குத்தகை எடுத்தார். அவருக்குப் பின் மகன் எதுவார் பெனாசே 1848 முதல் 1867 வரை நடத்தினார். இஃபெட்ஸ்ஹைம் குதிரைப் பந்தயம், 1862-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தாமே நடத்திய ஆப்பராவோடு திறந்த தியேட்டர் எல்லாம் அவர் காலத்தவை. 1655-இல் சந்தையிலிருந்து மடத்துக்குப் போகும் வழியில் ஓக் மரங்களை வரிசையாக நட்டிருந்தார்கள். அந்த நேர்வழியை ஆங்கில பாணி இயற்கைத் தோட்டமாக விரித்ததும் எதுவார்தான். மேசையில் தோற்றவர்களின் காசில் வளர்ந்த மரங்கள் என்று சொன்னால் மிகையில்லை. தோற்றவர்களில் தஸ்தயேவ்ஸ்கியும் ஒருவர், 1867-இல்.

குர்ஹவுஸின் முன்னால் குதிரைச் செஸ்ட்நட் மரங்களும் அவற்றின் அடியில் சின்னஞ்சிறு கடை வரிசைகளும் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு மொட்டைத் தொட்டுப் பாருங்கள், பிசின் விரலில் ஒட்டும். பனியிலிருந்து உள்ளே மடிந்திருக்கும் இலையைக் காக்கும் பூச்சு அது. மே மாதம் அதே கிளை நுனியில் வெள்ளைப் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும்.

படி 3: தியேட்டரிலிருந்து அருங்காட்சியகங்கள் வரை

கோய்த்தேபிளாட்ஸில் தியேட்டரைத் தாண்டியதும் அலே தொடங்குகிறது. இனி தெற்கு நோக்கி, ஆற்றோட்டத்துக்கு எதிராகப் போகிறீர்கள். இடக்கையில் ஓஸ், வலக்கையில் கட்டடங்கள். 1909-இல் திறந்த குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடம், அதை ஒட்டி ரிச்சர்ட் மேயர் வடிவமைத்து 2004-இல் திறந்த ஃப்ரீடர் புர்டா அருங்காட்சியகத்தின் வெண்ணிறக் கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பாலம். அடுத்து நகர அருங்காட்சியகம். உள்ளே போவதானால் திரும்பும் வழியில் போங்கள், வெயில் இருக்கும்போது வெளியே இருக்க வேண்டும். திங்கட்கிழமை புர்டா மூடியிருக்கும்.

இந்தச் சாலையில்தான் 1861 ஜூலை 14 அன்று ஆஸ்கர் பெக்கர் என்ற மாணவர் பிரஷ்ய அரசர் வில்ஹெல்மைச் சுட்டார். கழுத்தில் சிறு காயத்தோடு அரசர் தப்பினார். அரசர்கள் காவலில்லாமல் காலாற நடந்த இடம் என்பதற்கு அது சான்று.

படி 4: புல்வெளி (10.30 – 11.30)

அருங்காட்சியகங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரம் இந்தப் பகுதிக்கே.

முதலில் நின்று பூங்காவின் கட்டமைப்பைப் பாருங்கள். நேர்சாலை ஒன்று, அதிலிருந்து விலகிப் புல்வெளிக்குள் வளைந்து போகும் சிறு பாதைகள் பல. வளைவு வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மரமோ புதர்க் கூட்டமோ நிற்கும். பாதை அதைச் சுற்றிப்போவதற்காகவே வளைந்ததுபோல் தோன்றும். உண்மையில் வளைவைத் தீர்மானித்த பிறகு மரத்தை நடுவது இந்தத் தோட்டக்கலையின் வழக்கம். அடுத்த காட்சி என்ன என்பதை அது மறைத்து வைக்கிறது, ஐம்பது அடிக்கு ஒருமுறை பார்வை மாறுகிறது. நேர்சாலையிலேயே நடந்தால் இவை எதுவும் தெரியாது. ஆகவே முதல் வளைவுப் பாதையிலேயே இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது, வேலி எங்கே என்று தேடுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஹோட்டல்களின் தோட்டங்களும் மாளிகைகளின் புல்தரைகளும் இந்தப் பூங்காவின் தொடர்ச்சிபோலவே தெரியும். ஆறு நடுவில் ஓடுவதால் மதில் தேவைப்படவில்லை, மதில் இல்லாததால் பள்ளத்தாக்கு முழுதும் ஒரே தோட்டமாகிவிட்டது. அக்கரைக்கு எட்டிப்பிடிக்கும் சிறு இரும்புப் பாலங்களில் சில தனியாருடையவை, கதவு பூட்டியிருக்கும். திறந்திருப்பவை உங்களுக்கு.

மூன்றாவது, மரங்கள். பல நாட்டு மரங்களைக் கலந்து நட்டிருப்பது 19-ஆம் நூற்றாண்டின் மோகம்: சீனத்துக் கிங்கோ, அமெரிக்கத் துலிப் மரம், ராட்சத செக்குவோயா, செப்புநிற பீச். இலை இல்லாத மார்ச் மாதத்தில்தான் ஒவ்வொன்றின் எலும்புக்கூடும் தெளிவாகத் தெரியும். மேக்னோலியாவின் அடியில் குனிந்து பாருங்கள். பூனை முடி போல மெத்தென்ற சாம்பல்நிற உறைகள் உதிர்ந்து கிடக்கும், மொட்டைக் குளிர்காலம் முழுக்கப் போர்த்தியிருந்தவை.

இனி குரோக்கஸ். சில விதிகள்:

- புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். மிதிபடுவது பூ மட்டுமல்ல. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை இலைதான் கிழங்குக்குள் சேர்க்கிறது. நசுங்கிய இடத்தில் அடுத்த வசந்தம் வெறும் புல்தான் வரும்.
- படத்துக்குப் பாதை ஓரத்தில் மண்டியிட்டு, கேமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் பூக்களுக்கிடையே பச்சை இடைவெளி தெரியும். தாழ்ந்தால் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கித் தொடர் விரிப்பாகத் தெரியும்.
- வெள்ளைப் பூக்கள் வெயிலில் வெளுத்துப்போகும். ஃபோனில் பூவைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றுக் கீழே இழுங்கள். கேமராவில் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் போதும்.
- காலை வேளையில் தெற்கே பார்த்து நின்றால் வெயில் இதழ்களைப் பின்னாலிருந்து ஊடுருவும், ஊதா நிறம் எரியும். வடக்கே பார்த்தால் நிறம் தட்டையாகிவிடும். ஆற்றெதிர்த்திசையில் நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இது சமையல் குங்குமப்பூ அல்ல. அதுவும் குரோக்கஸ் இனம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் பூப்பது. இங்கே நடுநாரைப் பறித்துப் பாலில் போடும் எண்ணம் வேண்டாம்.

ஏப்ரலில் வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம்: இவ்வளவு பெயர்பெற்ற பூங்காவில் புல் தலைவாராத பிள்ளைபோல் நீண்டு கிடக்கிறதே என்று தோன்றும். அது அலட்சியம் அல்ல. நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் குரோக்கஸ் இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை, பூத்து ஆறு வாரம் அளவு, புல்லை வெட்டக் கூடாது. வெட்டினால் கிழங்கு பட்டினி கிடக்கும்.

படி 5: அக்கரையில் கொன்னர் தோட்டம்

தெற்கே தொடர்ந்து போய், திறந்திருக்கும் பாலத்தில் ஓஸைக் கடந்தால் உயர்ந்த வேலிச்செடிகள் சூழ்ந்த ஒரு தோட்டம். மேக்ஸ் லாய்கர் வடிவமைத்து 1909 முதல் 1912 வரை உருவானது, நகர மேயராக இருந்த கொன்னரின் பெயர் தாங்கியது. மேற்குக் கரையில் எல்லாம் வளைவு, இங்கே எல்லாம் கோடும் சதுரமும். நடுவில் யோசஃபைன் நீரூற்று, சுற்றிலும் பாத்திகள், பந்தல்கள். அரை நூற்றாண்டுக்குள் ரசனை எப்படித் திரும்பியது என்பதை ஒரு பாலம் கடந்தே பார்த்துவிடலாம். அதனால்தான் ரோஜா இல்லாத வசந்தத்திலும் இதைத் தவிர்க்க வேண்டாம் என்கிறோம்.

மஞ்சள் ஃபோர்சித்தியா பூக்கும்போது ரோஜாவைக் கழிக்க வேண்டும் என்பது ஜெர்மன் தோட்டக்காரர் கணக்கு. மார்ச் கடைசியில் போனால் கழித்த தண்டுகளை அருகிலிருந்து பார்க்கலாம்: வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரு வெட்டு. நீர் வழிந்துபோகச் சாய்வு, புதர் நடுவில் காற்று நுழைய வெளிக்கணு. வேலிச்செடிகள் காற்றைத் தடுப்பதால் குளிர்நாளில் உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை.

படி 6: மடம் வரை

திரும்ப மேற்குக் கரைக்கு வந்துவிடுங்கள். 1881-இல் தொடங்கிய டென்னிஸ் கிளப்பின் மைதானங்களைத் தாண்டினால் கூட்டம் சட்டென்று குறையும், பள்ளத்தாக்கு அகலும். மடத்துக்கு முன்னால் டாலியா தோட்டம் வரும். வசந்தத்தில் அங்கே வெறும் மண்தான். டாலியாக் கிழங்கு பனி தாங்காது, இலையுதிர் காலத்தில் தோண்டி எடுத்துவைத்து, மே 11 முதல் 15 வரையிலான ‘பனிப் புனிதர்கள்’ நாள்கள் கழிந்த பிறகே மீண்டும் நடுவார்கள். அந்த நாள்களுக்கு முன் திடீர்ப் பனி வரும் என்பது இந்த நாட்டு விவசாயிகளின் பழைய கணக்கு.

சுற்றுக் காடுகளின் ஈரநிழலில் ஏப்ரலில் பூண்டு மணக்கும் அகன்ற இலைகள் முளைக்கும். உள்ளூர்க்காரர்கள் பறித்துத் துவையல் அரைப்பார்கள். தெரியாதவர்கள் தொட வேண்டாம். அதே சமயம் அதே மாதிரி இலையோடு கோல்ச்சிக்கம் முளைக்கும். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே கோல்ச்சிசின் நஞ்சு அதில் இருக்கிறது. ஒன்றிரண்டு இலை பறித்தபின் கையிலேயே பூண்டு வாசம் ஏறிவிடுவதால் முகர்ந்து பார்க்கும் சோதனையும் ஏமாற்றும்.

லிஷ்டன்டால் மடம் 1245-இல் இர்மன்கார்ட் என்ற அரசகுல விதவை நிறுவியது. அன்றிலிருந்து சிஸ்டர்சிய என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபையின் கன்னியர் இங்கே வாழ்கிறார்கள். 1803-இல் சுற்றிலும் மடங்கள் கலைக்கப்பட்டபோதும் இது தப்பியது. வாயிலைக் கடந்து முற்றத்துக்குள் போகலாம், நீரூற்றருகே உட்காரலாம். 1288-ஐச் சேர்ந்த இளவரசர் சிற்றாலயத்தில் பாடன் ஆட்சியாளர்களின் கல்லறைகள் இருக்கின்றன. குரலைத் தாழ்த்துங்கள். இது காட்சிக்கூடம் அல்ல, குடியிருக்கும் வீடு. வழிபாட்டு நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

இசையில் நாட்டம் உள்ளவர்கள் இங்கிருந்து சிறிது தூரம் நடந்து, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1865 முதல் 1874 வரை கோடைகளைக் கழித்த வீட்டைப் பார்க்கலாம். வாரத்தில் சில நாள் மட்டுமே திறந்திருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதும் குளிப்பதும்

விலகல்கள் உட்பட இதுவரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். திரும்ப நேர்சாலையிலேயே நடந்தால் 35 நிமிடம். கால் வலித்தால் மடத்தருகிலிருந்து லியோபோல்ட்ஸ்பிளாட்ஸ் வழியாக ரயில் நிலையம் வரை பேருந்து இருக்கிறது.

குளிப்பதாக இருந்தால் நடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம். வெந்நீரிலிருந்து எழுந்த உடம்பு தளர்ந்துபோகும், ஈரத் தலையோடு மார்ச் காற்றில் நடக்க முடியாது. தேர்வு இரண்டு. 1877-இல் திறந்த ஃப்ரீட்ரிக்ஸ்பாடில் 17 கட்டங்கள், சுமார் மூன்று மணி நேரம், முழுக்க ஆடையில்லாமல். ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் நாள்களும் உண்டு. இதைத் தெரியாமல் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிவிட்டு உடைமாற்றும் அறையில் திகைத்து நிற்பது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்வது. 1985-இல் வந்த கரகல்லா தெர்மேயில் குளங்களுக்கு நீச்சலுடை உண்டு, மேல்தளத்து சானாவுக்கு மட்டும் ஆடையில்லை. முதல்முறை வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். குழந்தைகளுக்கு இரண்டிலும் வயது வரம்பு இருக்கிறது, முன்கூட்டியே பாருங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். சாப்பிட்ட கையோடு இறங்காதீர்கள். வெளியே வந்ததும் அரை மணி படுத்திருந்து, தலையை நன்றாக உலர்த்திக்கொண்ட பிறகே நிலையத்துக்குப் பேருந்து ஏறுங்கள்.